ரெண்டு ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம், நாலாயிரம் போனது தெரியவில்லை: இதை எப்படிப் பாடமாகச் சொல்வது?

முக்கூடல்வகுப்பு கேட்டது:

முக்கூடல், பாப்பாக்குடி பக்கம் பீடி சுற்றும் பெண்களின் குழுக்களுக்கு மாதம் ஒரு பண வகுப்பு நடக்கிறது. குழுவுக்கு 12 முதல் 15 பேர், நேரம் 40 நிமிடம். அதற்கு மேல் இழுக்க முடியாது. கை சும்மா இருக்கும் நேரமெல்லாம் அவர்களுக்குக் கூலி நஷ்டம்.

அடுத்த மாதத் தலைப்பு ‘கவனம்’. பாவூர்சத்திரம் சந்தையில் கத்தரிக்காய் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிற்கிறவர், நகைக்கடையிலும் கடன் பத்திரத்திலும் ஆயிரக்கணக்கில் போவதைப் பார்ப்பதில்லை. படிக்காதவர்கள்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது, வாத்தியார் வீட்டிலும் இதே கதைதான்.

கேள்விகள் மூன்று. பொருளாதாரத்தில் ‘கவனத்துக்கு அளவு உண்டு’ என்கிறார்களே, அது அறியாமையா, அசட்டையா, வேறு ஏதாவதா? அளந்து பார்த்த ஆய்வுகள் உண்டா? 40 நிமிடத்தில் கண்ணால் பார்க்கிற மாதிரி எதைக் காட்டலாம்? ‘விழிப்பா இருங்கம்மா’ என்று சொல்லிக் கைதட்டு வாங்கும் வகுப்பு வேண்டாம்.

---

ரதவீதிக்கணக்கு எழுதியது:

முதல் கேள்விக்கு நேரடி பதில்: தெரியாமை வேறு, தேவைப்படும் நிமிடத்தில் மனசில் இல்லாமை வேறு.

அமெரிக்காவில் கடை அலமாரியில் ஒட்டியிருக்கும் விலையில் விற்பனை வரி இருக்காது. பில் போடும் இடத்தில்தான் சேரும். ராஜ் செட்டி, ஆடம் லூனி, கோரி கிராஃப்ட் மூவரும் வட கலிஃபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் சுமார் 750 பொருள்களுக்கு, வரி சேர்த்தால் எவ்வளவு என்பதையும் விலைச்சீட்டில் போட்டு மூன்று வாரம் வைத்திருந்தார்கள். கட்டவேண்டிய தொகை ஒரு காசு கூடவில்லை. ஆனால் அந்தப் பொருள்களின் விற்பனை சுமார் 8 சதவீதம் விழுந்தது. 2009இல் வெளிவந்த கட்டுரை அது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தெந்தப் பொருளுக்கு வரி உண்டு என்று தனியே கேட்டபோது பெரும்பாலான வாடிக்கையாளர்கள் சரியாகவே சொன்னார்கள். தெரியும், ஆனால் அலமாரி முன்னால் நிற்கும்போது நினைப்பில் வரவில்லை.

நம் ஊரில் பாக்கெட் சாமானுக்கு எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்தது. அதனால் அந்த ஓட்டை இங்கே அடைபட்டுவிட்டது. தங்கத்தில்தான் திறந்தே கிடக்கிறது.

நகைக்கடையில் கிராம் விலை வாசலிலேயே பெரிய எழுத்தில் இருக்கும். பேப்பரில் வரும், வாட்ஸப்பில் வரும். அதனால் எல்லாக் கண்ணும் அங்கேதான். சேதாரமோ நகைக்கு நகை மாறும், போர்டில் இருக்காது. விற்பனையாளர் கால்குலேட்டரைத் தட்டும் மூன்று வினாடியில் அது கடந்து போய்விடும். வகுப்பில் காட்ட ஒரு கணக்கு. கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், அன்றைய விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ரெண்டு பவுன் சங்கிலி, 16 கிராம்.

கடை ஒன்று: கிராம் 9,000, சேதாரம் 14 சதவீதம். தங்கம் 1,44,000. சேதாரம் 2.24 கிராம், அதாவது 20,160. கூட்டினால் 1,64,160. ஜி.எஸ்.டி. 3 சதவீதம் சேர்த்து 1,69,085.

கடை ரெண்டு: ‘கிராமுக்கு 100 ரூபாய் தள்ளுபடி’. கிராம் 8,900, சேதாரம் 18 சதவீதம். தங்கம் 1,42,400. சேதாரம் 2.88 கிராம், 25,632. கூட்டினால் 1,68,032. வரியோடு 1,73,073.

தள்ளுபடி 1,600 கண்ணில் பட்டது. 3,988 கூடுதலாகப் போனது படவில்லை. உங்கள் தலைப்பில் இருக்கும் நாலாயிரம் இதுதான்.

இதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: ‘எல்லாம் சேர்த்து நான் கொடுக்கப்போவது எவ்வளவு, கல் போக நிகரத் தங்கம் எத்தனை கிராம்?’ முதல் எண்ணை ரெண்டாவதால் வகுக்கச் சொல்லுங்கள். முதல் கடையில் கிராமுக்கு 10,568, ரெண்டாவதில் 10,817. இப்படிப் பார்த்தால் சேதாரம், செய்கூலி, தள்ளுபடி, ‘சேதாரம் இல்லை’ என்ற விளம்பரம் எதற்கும் ஒளிய இடமில்லை. கல் வைத்த நகையில் மட்டும் எச்சரிக்கை. கல் எடையைக் கழிக்காமல் மொத்த எடைக்குத் தங்க விலை போட்டிருந்தால் வகுத்து வரும் எண் பொய் சொல்லும். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியே எழுதியிருக்க வேண்டும்.

ஹால்மார்க்கைப் பார்த்தால் போதாதா என்று யாராவது கேட்பார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்க ஹெச்.யூ.ஐ.டி. (நகைக்கு நகை மாறும் அடையாளக் குறி) கட்டாயம். அது தரத்துக்குக் காவல், விலைக்கு இல்லை. ஒரு முத்திரையைப் பார்த்துவிட்ட நிம்மதியில் மற்றதைப் பார்க்காமல் விடுவதும் இதே வியாதிதான்.

---

பிசானம் எழுதியது:

ரதவீதி சொன்னது ஒரு தடவை வாங்கும் பொருளுக்கு. மாதா மாதம் போகிற பணத்தில் இது வேறு மாதிரி வேலை செய்யும்.

கரண்ட் பில்லை எடுங்கள். வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. 2024 ஜூலைக் கட்டணப்படி 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை 2.35, 201 முதல் 400 வரை 4.70, மீதிக்கு 6.30. சரியாக 500 ஓடினால் 235 + 940 + 630 = 1,805 ரூபாய். 501 ஓடினால் 2.35 என்ற படியே காணாமல் போய்விடும். 101இலிருந்தே 4.70. அப்போது 1,410 + 630 + 8.40 = 2,048.40. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்.

எத்தனை வீட்டில் இது தெரியும்? தெரிந்த வீட்டிலும் மீட்டர் எங்கே இருக்கிறது? வாசல் சுவரில், தலைக்கு மேலே. கொய்ச்சிரோ இட்டோ கலிஃபோர்னியா மின்கட்டணத்தை வைத்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஜனங்கள் அடுத்த யூனிட்டின் விலைக்கு அசைவதில்லை, மொத்த பில்லின் சராசரிக்குத்தான் அசைகிறார்கள் என்று காட்டினார். படிப்படியாக விலை ஏற்றி மிச்சப்படுத்த வைக்கும் திட்டமெல்லாம் பாதி பலிக்காமல் போவதற்கு இதுவும் காரணம்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. கணக்கெடுத்த நாளின் ரீடிங்கை வெள்ளை அட்டையில் இருந்து எடுத்துக் காலண்டரில் எழுதணும். 30ஆம் நாள் ஒரு தடவை, 45ஆம் நாள் ஒரு தடவை மீட்டரைப் பார்க்கணும். 30இல் 250, 45இல் 375 தாண்டியிருந்தால் 500ஐத் தாண்டப் போகிறீர்கள். தினமும் பார்க்கச் சொன்னால் நாலாம் நாள் யாரும் பார்க்க மாட்டார்கள்.

பில் தானாகவே பேங்கிலிருந்து போகிற மாதிரி வைத்தால் இன்னும் மோசம். தெற்கு கரோலினாவில் ஸ்டீவன் செக்ஸ்டன் செய்த ஆய்வில் தானியங்கிக் கட்டணத்துக்கு மாறிய வீடுகளின் மின் செலவு சுமார் 4 சதவீதம் ஏறியது. சுங்கச்சாவடியிலும் அப்படியே. காசு எண்ணிக் கொடுக்காமல் மின்னணு முறைக்கு மாறிய அமெரிக்கச் சாலைகளில், மாறாமல் இருந்தால் இருந்திருக்கும் கட்டணத்தைவிட 20 முதல் 40 சதவீதம் அதிகம் என்று ஏமி ஃபிங்கல்ஸ்டீன் 2009இல் கணக்கிட்டார். வலிக்காத இடத்தில் ஏற்றுவது சுலபம். 2021 பிப்ரவரிக்குப் பிறகு ஃபாஸ்டேக் கட்டாயமான பின்னால் நாங்குநேரி சுங்கச்சாவடியைத் தாண்டியவரிடம் ‘இப்போ எவ்வளவு போச்சு?’ என்று வள்ளியூர் போகும் முன்னால் கேட்டுப் பாருங்கள்.

---

சொளவு எழுதியது:

பிசானம் அண்ணாச்சி சொன்னது பாளையங்கோட்டை மாடி வீட்டுக்குச் சரி. முக்கூடல்ல பீடி சுத்துத வீட்டுல 500 யூனிட்டு எங்கன ஓடுது? ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு, ஒரு டிவி. அந்தப் பாடத்தை அங்க கொண்டு போனா ‘இது நமக்கில்ல’ன்னு முதல் அஞ்சு நிமிஷத்துலயே காதை மூடிருவாங்க. அப்புறம் தங்கம் சொன்னாலும் ஏறாது.

இன்னொரு விஷயத்தையும் யாரும் சொல்லலை. நீங்க எல்லாரும் கவனம் கையில இருக்கு, தப்பான இடத்துல செலவாகுதுன்னு பேசுதீங்க. அந்தப் பொம்பளைங்களுக்குக் கவனம் ஏற்கெனவே தீந்துபோச்சு. மடியில சொளவு (முறம்), ஒரு கை இலையை உருட்டும், நகம் நுனியை மடக்கும், விரல்ல நூலு. மனசுல என்ன ஓடுது? இந்தத் தடவை இலை மட்டம், கழிவு எத்தனை போகும். திங்கக்கிழமை ஒரு டியூ, வியாழக்கிழமை இன்னொரு டியூ. புள்ளைக்கு ஃபீஸு. ரேஷன்ல பாமாயில் இன்னைக்குத் தீந்துருமா. இவ்வளவுக்கும் மேல நீங்க போயி ‘பத்திரத்தைக் கவனமாப் படிங்க’ன்னா எங்க இருந்து வரும்?

இதுக்கு ஆய்வு நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ நாலு பேரும் சேந்து 2013இல் ‘சயின்ஸ்’ இதழ்ல போட்டது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 ஊர்ல 464 கரும்பு விவசாயிங்க. வெட்டுக்கு முன்னால கை வறண்ட நேரத்துல ஒரு பரீட்சை, வெட்டுப் பணம் வந்த பிறகு ஒரு பரீட்சை. ஆளு அதே ஆளுதான். படத்துல விட்டுப்போன துண்டைக் கண்டுபிடிக்கிற சோதனைல பணம் வந்த பிறகு நல்லாச் செஞ்சாங்க. இதை வேதவாக்கா எடுக்க வேண்டாம். அமெரிக்காவுல சம்பளத்துக்கு முன்னயும் பின்னயும் பார்த்த 2016 ஆய்வு ஒண்ணுல இந்த மாதிரி வித்தியாசம் தெரியலை.

பீடிக்கு ரொம்பப் பக்கத்துல வர்றது ஒடிசா ஆய்வு. சுப்ரீத் கௌர், முல்லைநாதன், சுவான்னா ஓ, ஃபிராங்க் ஷில்பாக் செஞ்சது. இலையைத் தைச்சு சாப்பாட்டுத் தட்டு செய்யுத வேலை. பீடி மாதிரியே எண்ணிக்கைக்குக் கூலி. வேலை குறைஞ்ச மாசத்துல ஒரு பகுதிக் கூலியைச் சிலருக்கு முன்கூட்டியே கையில குடுத்தாங்க. ரேட்டைக் கூட்டலை. காசு வந்த மறுநாள்ல இருந்து மணிக்குச் செய்யுத தட்டு எண்ணிக்கை சுமார் 7 சதவீதம் ஏறிச்சு, தைக்கும்போது வர்ற பிசகும் குறைஞ்சுது. ஏன்? கடன்காரன் வாசல்ல நிப்பானேங்கிற நினைப்பு விரல்ல இருந்து எறங்கிருச்சு.

வகுப்புக்கு இதுல ரெண்டு விஷயம். ஒண்ணு, தேதி. டியூ நாளுக்கு முந்தின நாளு வகுப்பு வைக்காதீங்க. கூலி போட்ட மறுநாள் வைங்க. ரெண்டாவது, ஒரு வகுப்புக்கு ஒரே எண்ணு. மூணு எண்ணு குடுத்தா ஒண்ணும் நிக்காது.

---

முக்கூடல்வகுப்பு எழுதியது:

சொளவு சொன்னது உறைத்தது. கரண்ட் பில்லை எடுத்துவிட்டேன் (அண்ணாச்சி மன்னிக்க). தேதியையும் மாற்றுகிறேன்.

அந்த ஒரே எண் கடனைப் பற்றியதாக இருக்கட்டும். இங்கே வட்டியைச் சதவீதத்தில் யாரும் பேசுவதில்லை. ‘நூத்துக்கு ஒரு ரூபா வட்டி’, ‘ரெண்டு ரூபா வட்டி’ என்றுதான் பேச்சு. ஃபர்னிச்சர் தவணை, மிக்ஸி தவணை, தனியார் ஃபைனான்ஸ் எல்லாம் ‘ஒரு வட்டிதான்க்கா’ என்றே வருகின்றன. ஒரு வட்டி என்றால் குறைவு என்று மனசில் பதிந்துபோயிருக்கிறது. இதை உடைப்பது எப்படி?

---

பங்குச்சந்தைபேட்டை எழுதியது:

வகுப்புக்கு இது உதவாது, ஆனால் கேட்டவரின் ரெண்டாம் கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு. என்ட்ரிமெட் என்றொரு அமெரிக்க மருந்துக் கம்பெனி. புற்றுநோய் ஆராய்ச்சியில் அவர்களுக்குச் சாதகமான செய்தி 1997 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்தது, நாளிதழ்களிலும் வந்தது. 1998 மே 3, ஞாயிற்றுக்கிழமை அதே செய்தியை ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்தில் போட்டது. புதிதாக எதுவுமில்லை. வெள்ளிக்கிழமை 12 டாலர் சொச்சத்தில் முடிந்த பங்கு திங்கள்கிழமை 52 டாலருக்குப் பக்கத்தில் முடிந்தது. ஹூபர்மன், ரெகவ் இருவரும் 2001இல் இதை எழுதினார்கள். தகவலுக்கு விலை ஏறவில்லை, பார்வை பட்டதற்கு ஏறியது.

பார்பர், ஓடீன் 2008இல் காட்டியதும் இதன் தம்பிதான். விற்பவர் தன்னிடம் இருக்கும் நாலைந்து பங்கில் இருந்து விற்கிறார். வாங்குபவருக்கோ ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, எல்லாவற்றையும் பார்க்க முடியாது. அதனால் அன்றைக்குச் செய்தியில் வந்ததையே வாங்குகிறார். டிவியில் பெயர் அடிபட்ட மறுநாள் வாங்குகிறவர்கள் இதைக் கண்ணாடி மாதிரி வைத்துப் பார்க்கலாம்.

---

புளியமுத்து எழுதியது:

‘ஒரு வட்டி’யை உடைக்க என் பெயரே போதும். ஆளுக்கு 12 புளியமுத்து (புளியங்கொட்டை) கொண்டு போங்கள்.

கடன் 12,000, ஒரு வருஷம், ஒரு ரூபா வட்டி, மாதத் தவணை. ஒரு முத்து ஆயிரம் ரூபாய். எல்லாரும் 12 முத்தையும் முன்னால் வைக்கட்டும். மாத வட்டி 120, அசல் 1,000, தவணை 1,120. ஒவ்வொரு மாதமும் ஒரு முத்தை உங்களிடம் திருப்பித் தரச் சொல்லுங்கள், கூடவே 120 என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டும். ஆறாவது மாதம் முடிந்ததும் நிறுத்துங்கள். ‘உங்ககிட்ட இப்போ எத்தனை முத்து?’ ஆறு. ‘அடுத்த மாசச் சீட்டுல எவ்வளவு?’ 120. அங்கேயே சிலர் நிமிர்ந்து பார்ப்பார்கள். பன்னிரண்டாவது மாதத்துக்குப் போங்கள். முன்னால் ஒரே முத்து, அதாவது ஆயிரம் ரூபாய். சீட்டில் அப்போதும் 120. நூத்துக்கு 12 ரூபா வட்டி. இந்த இடத்தில் நீங்கள் எதுவும் பேச வேண்டாம், அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

சதவீதத்தில் கேட்பவருக்கு: வருஷத்துக்கு 12 என்று சொன்ன இந்தக் கடன், குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 21.5. இதுவும் முழுசாகக் கைக்கு வந்தால்தான். 2 சதவீதம் ‘ப்ராசஸிங்’, அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று முதலிலேயே பிடித்தால் 240 + 43.20 = 283.20 போய், கைக்கு வருவது 11,716.80. கட்டுவது 13,440. இப்போது விகிதம் 26ஐத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் இன்ஷூரன்ஸ் என்று ஒரு பிடித்தம் இருந்தால் இன்னும் ஏறும்.

செய்யும்போது எங்கே சறுக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். சதவீதத்தில் ஆரம்பித்தால் ரெண்டு பேர் மட்டும் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். 10,000 என்று கடனை வைத்தால் பன்னிரண்டில் சரியாக வகுபடாது, முத்து ஆட்டம் குழம்பிவிடும். அதனால் 12,000தான். கடைசியாக, யாராவது நிச்சயம் சொல்வார்: ‘மாசம் 1,120 தானே, கட்டிருவேன்.’ அவர் தப்பாகச் சொல்லவில்லை. தவணையைக் கட்ட முடியுமா என்பதுதான் அவர் கவனம் முழுக்க, ஏனென்றால் தவறினால் வீட்டு வாசலில் நிற்பார்கள். விற்பவருக்கும் அது தெரியும், அதனால்தான் தவணையை மட்டும் பெரிதாக எழுதுகிறார். மாதத்தைக் கூட்டினால் தவணை இன்னும் சின்னதாகும், கட்டும் மொத்தம் பெரிதாகும். அவரிடம் விவாதம் வேண்டாம். ரெண்டே கேள்வி கேளுங்கள். கைக்கு வந்தது எவ்வளவு? கையை விட்டுப் போகப்போவது எவ்வளவு? 11,716.80க்கும் 13,440க்கும் நடுவில் 1,723. அதை ரெண்டு கடைக்கு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், விகிதமே வேண்டாம். ஆனால் ரெண்டு கடையிலும் மாதக்கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும்.

பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனி என்றால் கேட்டு வாங்க ஒரு காகிதம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி 2024 அக்டோபர் 1க்குப் பிறகு கொடுக்கும் தனிநபர், சிறுதொழில் தவணைக் கடன் எல்லாவற்றுக்கும் ‘முக்கிய விவர அறிக்கை’ தர வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு எண், எல்லாப் பிடித்தமும் சேர்ந்த வருஷ விகிதம். 30 பக்கப் பத்திரத்தை யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்து செய்த ஏற்பாடு இது, என் கணக்கில் நல்ல ஏற்பாடு. சிறுகடன் குழுக்களுக்கு 2022 ஏப்ரல் விதியில் ரெண்டு உண்டு: முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. வாய்ச்சொல் ‘ஒரு வட்டி’ பெரும்பாலும் இந்த வலைக்கு வெளியே இருக்கும் கடைத் தவணையில்தான் வரும். அங்கே புளியமுத்துதான் துணை.

---

பலசரக்கு எழுதியது:

வாங்குகிறவர் பக்கமே பேசுகிறீர்கள். விற்கிறவர் கவனமும் அளவானதுதான். கென்யாவில் சின்னக் கடைகளைப் பார்த்தார்கள். கல்லாவில் சில்லறை இல்லாமல் வாடிக்கையாளர் திரும்பிப் போவதும், சில்லறை தேடி வெளியே ஓடும்போது விற்பனை போவதும் நிறைய. ஒரு பகுதிக் கடைகளில் ஆய்வாளர்கள் பாடம் எதுவும் நடத்தவில்லை. வாரா வாரம் வந்து ‘இந்த வாரம் சில்லறையால் எத்தனை விற்பனை போச்சு?’ என்று கேட்டார்கள், அவ்வளவுதான். கேட்கக் கேட்க கடைக்காரர்களே முன்கூட்டியே சில்லறை மாற்றி வைக்க ஆரம்பித்தார்கள், போன விற்பனை கணிசமாகக் குறைந்தது.

வகுப்புக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. மாதம் ஒரு தடவை 40 நிமிடம் பேசுவதைவிட, குழு கூடும்போதெல்லாம் தலைவி ஒரே ஒரு கேள்வி கேட்டால் அதிகம் ஆகும். ‘இந்த வாரம் புதுசா ஏதாவது தவணை எடுத்தீங்களா, கைக்கு எவ்வளவு வந்துச்சு, மொத்தம் எவ்வளவு போகும்?’ கேள்வி வரப்போகிறது என்று தெரிந்தாலே கடையில் நிற்கும்போது ஞாபகம் வரும்.

ஃபோன் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வரி. யூ.பி.ஐ. செயலியில் ‘ஆட்டோபே’ என்ற இடத்தில் மாதா மாதம் தானாகப் போகிறவை எல்லாம் வரிசையாக இருக்கும். வேண்டாததை அங்கேயே நிறுத்தலாம். பணம் போவதற்கு 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. வரத்தான் செய்கிறது, லோன் வேணுமா என்று கேட்கும் நாற்பது செய்திக்கு நடுவில். செயலியே கேட்காமல் கூடையில் பொருளைச் சேர்ப்பது, ‘இன்னும் 5 நிமிஷம்தான்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது எல்லாம் 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்த 13 தந்திரங்களில் வரும். புகாருக்கு 1915.

---

பிசானம் எழுதியது:

கரண்ட் பில்லை வெட்டிவிட்டீர்கள், பரவாயில்லை. ஆனால் அதே வீடுகளில் கொஞ்சம் வயல் இருக்கும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைத் தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை, தேதி தவறினால் வட்டி வந்து உட்கார்ந்துவிடும். பிசானம் (நெல் பருவம்) அறுப்பும் கடன் தேதியும் ஒன்றாக வராத வருஷம் நிறையப் பேர் காசு இருந்தும் தேதியை விடுகிறார்கள். இதுக்குப் பாடம் வேண்டாம், ஞாபகமூட்டல் போதும். பொலிவியா, பெரு, பிலிப்பைன்ஸ் மூன்று நாட்டில் சேமிப்புக் கணக்குக்காரர்களுக்கு நினைவூட்டும் செய்தி அனுப்பிப் பார்த்ததில் சேமிப்பு சுமார் 6 சதவீதம் கூடியது. எதற்காகச் சேர்க்கிறார்கள் என்பதையும் செய்தியில் சொன்னபோது பலன் இன்னும் நன்றாக இருந்தது. ‘கடன் கட்டவும்’ என்று பொத்தாம் பொதுவாக எழுதாமல் தேதியும் தொகையும் ‘வட்டி மிச்சம்’ என்பதும் சேர்ந்து இருக்கட்டும்.

---

முக்கூடல்வகுப்பு எழுதியது:

முடிவு செய்தது: கூலி போட்ட மறுநாள் வகுப்பு. முதல் 25 நிமிடம் புளியமுத்து. அடுத்த 10 நிமிடம் ரெண்டு பழைய தவணைச் சீட்டை வைத்து ‘கைக்கு வந்தது, கையை விட்டுப் போனது’. தங்கம் அதற்கடுத்த மாதம், ஐப்பசி முகூர்த்தத்துக்கு முன்னால். டியூ தேதியையும் அந்த ரெண்டு கேள்வியையும் சீட்டில் எழுதி ஆளுக்கொன்று கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் எங்கே ஒட்டச் சொல்வது? காலண்டர் பக்கமா, சாமி படத்துப் பக்கமா?

---

சொளவு எழுதியது:

ரெண்டுலயும் வேண்டாம். காலண்டரைத் தேதி கிழிக்கத்தான் பாப்பாங்க, சாமி படத்தைக் கும்பிடும்போது கண்ணு மூடியிருக்கும். நாள் முழுக்க கண்ணு படுத இடம் சொளவுதான். உள்பக்கத்துல வச்சா தூளு மூடிரும். வெளி விளிம்புல, இடது கைப் பக்கம், உள்ளங்கை அளவுக்கு வைங்க. வலது பக்கம் வேண்டாம், நூலு இழுக்கும்போது தட்டும்.

ஒரே சீட்டு ரெண்டு வாரத்துல கண்ணுக்குப் பழகிரும், அப்புறம் இருக்குதே தெரியாது. அதனால குழு கூடும்போது கலரை மாத்தி புதுச் சீட்டு குடுங்க, பழசை வாங்கிக்கோங்க. பசை கொண்டு போக வேண்டாம், ஓலைச் சொளவுல நிக்காது. அட்டையில ஒரு ஓட்டை போட்டுக் குடுங்க, பீடி நூலு மடியிலயே கெடக்கு, அவங்களே கட்டிக்கிடுவாங்க.